ஹிரோஷிகேயின் தொகைடோ அச்சுப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய ஓவியர் உதகவா ஹிரோஷிகே வரைந்து, 1833, 1834 ஆண்டுகளில் எடோ நகரத்தில் வெளியான ‘தொகைடோவின் 53 தங்கல் ஊர்கள்’ என்ற மரக்கட்டை அச்சுப் பட வரிசையைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்த வரிசையின் மழையையும் பனியையும் உலகமே கொண்டாடிவிட்டது. அந்தப் புகழுக்கு அவை தகுதியானவைதான். என்னை இழுத்து நிறுத்துவது இவற்றில் நடக்கும் வேலை. சுமைக்காரர், மீன்காரர், விடுதிக்கு ஆள் பிடிக்கும் பெண், கிழங்குக் கஞ்சி விற்கும் கடைக்காரி, இவர்கள்தான் இந்தச் சாலையை ஓட வைத்தவர்கள். அதனால் பதில்களும் அவர்கள் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

தொகைடோ என்பது எந்தச் சாலை?

இன்று டோக்கியோ என்று அழைக்கப்படும் எடோவையும் கியோட்டோவையும் பெரும்பாலும் கடலோரமாகவே இணைத்த சாலை. நீளம் சுமார் 490 கிலோமீட்டர். எடோவில் ஷோகன் என்ற படைத்தலைவர் ஆட்சி நடத்தினார், கியோட்டோவில் பேரரசர் இருந்தார். இரண்டு தலைநகரங்களுக்கு நடுவே ஓடிய சாலை என்பதால் நாட்டிலேயே நெரிசல் மிகுந்த பாதை இதுதான். பின்னாளில் ஷோகன் ஆன டொகுகாவா இயெயாசு 1601-ல் இங்கே தங்கல் ஊர்களை முறைப்படுத்தத் தொடங்கினார். பின்னர் அவை 53 ஆயின.

நடந்து போனால் ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பி, நாளுக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் நடப்பார்கள். ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்கு ஒரு முறை சாலையின் இரு பக்கமும் மண்மேடு எழுப்பி அதன்மேல் மரம் நட்டிருப்பார்கள். எவ்வளவு தூரம் வந்தோம் என்பதற்கு அது கணக்கு, வெயிலுக்கு நிழல், சுமைக்கூலி பேசும்போது ஆதாரம்.

ஊர்கள் 53 என்றால் படங்கள் ஏன் 55?

புறப்படும் இடமான எடோவின் நிஹோன்பாஷி பாலத்துக்கு ஒன்று, போய்ச் சேரும் கியோட்டோவின் சன்ஜோ பாலத்துக்கு ஒன்று. இரண்டும் தங்கல் ஊர்களின் கணக்கில் சேராது.

ஹிரோஷிகே யார்?

1797-ல் எடோவில் பிறந்தவர். அப்பா ஷோகன் அரசின் தீயணைப்புப் படையில் சிறிய அதிகாரி. பெற்றோர் இருவரும் ஹிரோஷிகே 12, 13 வயதுப் பையனாக இருக்கும்போதே இறந்துவிட, அப்பாவின் வேலை பையனுக்கு வந்தது. பதின்ம வயதிலேயே உதகவா தொயோஹிரோவிடம் ஓவியம் பயிலச் சேர்ந்தார். பல ஆண்டுகள் நடிகர் படம், அழகிகள் படம் என்று மற்றவர்களைப் போலவே வரைந்துகொண்டிருந்தார். தொகைடோ வரிசை வெளிவந்தபோது வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் பெயர் எடோ முழுக்கத் தெரிந்தது. 1858-ல் எடோவில் காலரா பரவிய சமயத்தில் காலமானார்.

முதல் படத்தில் என்ன நடக்கிறது?

நிஹோன்பாஷி, காலை நேரம். பாலத்தின் தெற்குக் கரையில் நின்று நேராகப் பார்க்கிறோம். இரவில் அடைத்து வைக்கும் தெருக் கதவுகள் இருபுறமும் திறந்து கிடக்கின்றன. அடிவானத்தில் சிவப்பு. வளைந்த பாலத்தின் மேட்டில் ஒரு பிரபுவின் ஊர்வலம் ஏறி வருகிறது. முன்னால் வருகிற ஆட்கள் கம்பில் கட்டிய உடுப்புப் பெட்டிகளைத் தோளில் சுமந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் குஞ்சம் வைத்த ஈட்டிகள் உயர்ந்து நிற்கின்றன.

இந்த ஊர்வலத்தைத்தான் பெரும்பாலோர் படத்தின் பொருளாக எடுத்துக்கொள்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது இடது ஓரம். அரசாணைகள் எழுதி வைத்த அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் மீன்காரர்கள் ஒரு கூட்டமாக நிற்கிறார்கள். தோளில் காவடிக் கம்பு, அதன் இரு முனையிலும் மீன் தட்டு. பாலத்தின் வடகரையில் எடோவின் பெரிய மீன் சந்தை இருந்தது. அங்கே விடியுமுன் மீன் எடுத்து, பாலம் கடந்து, தெருத் தெருவாக விற்கக் கிளம்பியவர்கள் இவர்கள். ஊர்வலம் வருகிறது, ஒதுங்குகிறார்கள். ஊர்வலம் போய் முடியும்வரை மீன் காத்திருக்காதே. அந்த அவசரம் அவர்கள் உடம்பு திரும்பியிருக்கும் விதத்திலேயே தெரிகிறது. வலது பக்கம் இரண்டு நாய்கள். அவற்றுக்குப் பிரபுவும் பொருட்டில்லை, மீன்காரரும் பொருட்டில்லை.

இந்தப் படத்துக்கே இன்னொரு வடிவமும் உண்டு. புதிய கட்டை செதுக்கி, முன்பக்கம் நிறைய ஆட்களைச் சேர்த்துப் பின்னால் அச்சடித்தார்கள். கூட்டம் கூடினாலும் முதல் வடிவத்தின் காலை அமைதியும் அவசரமும் அதில் குறைந்துபோயின. எனக்கு முதல் வடிவமே மேல்.

அந்த மீன் சந்தை 1923 நிலநடுக்கம்வரை அங்கேயே இருந்தது. பிறகு சுகிஜிக்குப் போய், 2018-ல் தொயோசுவுக்கு மாறியது. பாலம் இன்று 1911-ல் கட்டிய கல்பாலம். அதன் தலைக்கு மேலே விரைவுச் சாலை ஓடுகிறது.

பிரபுக்கள் ஏன் ஓயாமல் பயணம் போனார்கள்?

ஷோகன் அரசின் கட்டாயம். 1635-ல் சட்டமாக்கப்பட்ட முறைப்படி, பிரபுக்கள் ஓராண்டு எடோவிலும் மறு ஆண்டு சொந்த ஆட்சிப் பகுதியிலும் மாறி மாறி இருக்க வேண்டும். மனைவியும் வாரிசும் எடோவிலேயே பிணைபோல் இருப்பார்கள். பெரிய பிரபு என்றால் பரிவாரம் ஆயிரத்தைத் தாண்டும். கலகம் செய்யப் பணமும் நேரமும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது அரசின் எண்ணம். அதன் பக்கவிளைவாகச் சாலையோரத்து விடுதிக்காரர், சமையல்காரர், செருப்புப் பின்னுகிறவர், சுமைக்காரர் எல்லோருக்கும் வேலை கிடைத்தது. எடோவின் மக்கள்தொகை 10 லட்சம் அளவுக்குப் பெருகியதற்கும் இந்தப் போக்குவரத்து முக்கியக் காரணம்.

சுமையை எல்லாம் யார் தூக்கினார்கள்?

ஃபுஜியேடா படத்தைப் பாருங்கள். தலைப்பே ‘ஆளும் குதிரையும் மாற்றுதல்’. மலை இல்லை, கடல் இல்லை, நிலா இல்லை. ஓர் அலுவலகமும் அதன் வாசலும்தான். மேலே திண்ணையில் எழுத்தர் சீட்டைச் சரிபார்க்கிறார். கீழே முந்தின ஊரிலிருந்து வந்த சுமையை இறக்கி இந்த ஊர் ஆட்களின் பொறுப்பில் ஏற்றுகிறார்கள். ஒருவர் வியர்வை துடைக்கிறார். குதிரை மேல் மூட்டையைக் கட்டுவதில் இன்னொரு கூட்டம் மும்முரமாக இருக்கிறது. வெற்றுடம்பின் முதுகும் தொடையும் அழுத்தமான சில கோடுகளில் வந்துவிடுகின்றன.

இந்தப் படத்தைப் புரிந்துகொள்ள அன்றைய ஏற்பாடு தெரிய வேண்டும். ஒரு தங்கல் ஊரின் ஆள் அடுத்த ஊர்வரைதான் சுமப்பார். அங்கே சுமை கைமாறும், இவர் திரும்பி வந்துவிடுவார். தொகைடோவின் ஒவ்வொரு தங்கல் ஊரும் 100 ஆட்களையும் 100 குதிரைகளையும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது அரசு விதி. ஷோகனின் முத்திரைச் சீட்டோடு வருகிறவர்களுக்கு இலவசம். பிரபுக்களுக்கு அரசு நிர்ணயித்த குறைந்த கூலி. சாதாரண ஆள் பேரம் பேசிக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு கணக்கிலும் ஊருக்கு விழும் நஷ்டத்தை மூன்றாவது கணக்கில்தான் ஓரளவு ஈடுகட்டினார்கள்.

பெரிய ஊர்வலம் வந்தால் 100 பேர் எப்படிப் போதும்? அப்போது சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆளும் குதிரையும் அனுப்ப வேண்டும். நடவு நாளா, அறுவடை நாளா என்றெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். பல கிராமங்கள் இந்தக் கட்டாய வேலையால் நொடித்தன. ஃபுஜியேடாவின் வாசலில் வியர்வை துடைத்துக்கொண்டு நிற்பவர்களில் சிலர் அப்படி வயலிலிருந்து வந்தவர்களாக இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது, இந்தப் படத்தை வெறும் அழகான காட்சி என்று கடந்துபோக என்னால் முடிவதில்லை.

வண்டிகள் இல்லையா?

பெரும்பாலும் இல்லை. மலைப் பாதை, பாலமில்லாத ஆறுகள், போதாததற்குச் சாலை பாழாகும் என்று அரசின் கட்டுப்பாடு. மனிதத் தோள், குதிரை முதுகு, மூங்கில் டோலி, இவைதான் வாகனம். குதிரைக்குக் கூட லாடம் கிடையாது, வைக்கோலில் பின்னிய செருப்புதான்.

விலக்கு கியோட்டோவுக்குப் பக்கத்தில் வருகிறது. ஓட்சு படத்தில் ஹஷிரியி ஊற்றங்கரைத் தேநீர்க் கடை முன்னால் மாட்டு வண்டிகள் வரிசையாகப் போகின்றன. பீவா ஏரி வழியாக ஓட்சுவில் வந்து இறங்கிய அரிசி இப்படித்தான் கியோட்டோ போனது. சக்கரம் சேற்றில் புதையாமல் இருக்க அந்தப் பாதையில் கல் பதித்தார்கள். பல்லாண்டு சக்கரம் ஓடிப் பள்ளம் விழுந்த கற்களை இன்றும் அங்கே ஆங்காங்கே எடுத்து வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று. நாட்டின் மொத்தச் சரக்கும் இந்தச் சாலையில் போகவில்லை. ஒசாகாவிலிருந்து எடோவுக்குப் பருத்தி, எண்ணெய், சாக்கே மது எல்லாம் பாய்க்கப்பலில் போயின. சாலையில் போனது மனிதர்கள், அவர்களுடைய மூட்டைகள், கடிதங்கள், பணம். ஹிரட்சுகா படத்தில் ஓடி வருகிறாரே ஒரு தபால்காரர், அவர் போன்றவர்கள் அஞ்சல் ஓட்டமாக ஓடிக் கடிதங்களை எடோவுக்கும் ஒசாகாவுக்கும் கொண்டு சேர்த்தார்கள்.

ஆறுகளை எப்படிக் கடந்தார்கள்?

சில இடங்களில் பாலம், சில இடங்களில் ஓடம். ஷிமடாவுக்கும் கனாயாவுக்கும் இடையே ஓடும் ஓயி ஆற்றில் இரண்டும் கிடையாது. ஆற்றைக் கடத்திவிடுகிற ஆட்களின் தோளில் உட்கார்ந்தோ, அவர்கள் தூக்கும் மரச்சட்டத்தில் ஏறியோதான் போக வேண்டும். தண்ணீரின் உயரத்தைப் பொறுத்து அன்றன்று கூலி மாறும். சீட்டு வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். வெள்ளம் கூடினால் ஆற்றை மூடிவிடுவார்கள். நாள் கணக்கில் இரு கரையிலும் பயணிகள் தேங்கி நிற்பார்கள், விடுதிகளுக்கு வருமானம். ஹிரோஷிகே இரு கரைக்கும் தனித்தனிப் படம் வரைந்திருக்கிறார். இரண்டிலும் மேலிருந்து பார்க்கிறோம். பரந்த மணல் திட்டுகளில் மனிதர்கள் சின்னஞ்சிறு உருவங்களாகத் தெரிகிறார்கள்.

ஒகிட்சு படம் கொஞ்சம் சிரிக்க வைக்கும். இரண்டு சுமோ மல்லர்கள் ஆற்றைக் கடக்கிறார்கள், ஒருவர் குதிரையில், மற்றவர் டோலியில். டோலி தூக்குகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

மியாவிலிருந்து குவானாவுக்குக் கடல் வழி, சுமார் 27 கிலோமீட்டர். தொகைடோவிலேயே முழுக்கப் படகில் போகும் நீண்ட பகுதி அது.

கோயு படத்தில் பெண்கள் ஏன் பயணியைப் பிடித்து இழுக்கிறார்கள்?

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த படம் இது. தலைப்பு ‘பயணிகளை நிறுத்தும் பெண்கள்’. பொழுது சாய்கிற நேரம். கோயு தெருவில் ஒரு பெண் ஒரு பயணியின் கழுத்து மூட்டையைப் பிடித்து இழுக்கிறாள். மூட்டையின் முடிச்சு அவர் தொண்டையை நெரிக்கிறது, முகம் கோணுகிறது. பக்கத்தில் இன்னொரு பயணியும் இதே பாட்டில். வலது பக்க விடுதியில் ஏற்கெனவே பிடிபட்ட ஒருவர் வாசற்படியில் உட்கார்ந்து வைக்கோல் செருப்பைக் கழற்றுகிறார். கால் கழுவ ஒரு கிழவி தொட்டியில் தண்ணீர் கொண்டுவருகிறாள். சன்னலில் சாய்ந்தபடி ஒரு பெண் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், முகத்தில் சலிப்பு.

இழுப்பதற்குக் காரணம் தூரம். கோயுவிலிருந்து அடுத்த ஊரான அகாசாகாவுக்கு 1.7 கிலோமீட்டர்தான், தொகைடோவிலேயே மிகக் குறைந்த இடைவெளி. இந்த விடுதி பிடிக்கவில்லை என்றால் பயணி கொஞ்ச நேரத்தில் அடுத்த ஊருக்கே போய்விடலாம். அதனால் போட்டி கடுமை.

இந்தப் படத்தைச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. வாசலில் நிற்கும் இந்தப் பெண்களில் பலர் வறுமையால் குடும்பம் பெற்ற முன்பணத்துக்காக ஒப்பந்தத்தில் வந்தவர்கள். சோறு பரிமாறுவது பெயருக்கு; உடலையும் விற்கவைத்தார்கள். விடுதிக்கு 2 பேர் என்று அரசு வரம்பு போட்டது, பல ஊர்களில் அதை மதிக்கவில்லை. சன்னலில் சாய்ந்திருக்கும் அந்தப் பெண்ணை ஹிரோஷிகே சும்மா வைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

இனி விடுதிக்குள் தொங்கும் பலகைகளைப் படியுங்கள். பயணிச் சங்கங்களின் பெயர்ப் பலகைகள் தொங்க வேண்டிய இடம் அது. இங்கே அவற்றில் எழுதியிருப்பது வேறு: இந்த வரிசையின் பெயர், செதுக்கியவர் ஜிரோபெய், அச்சிட்டவர் ஹெய்பெய், வரைந்தவர் இச்சிரியுசாய், அதாவது ஹிரோஷிகே. பெரிய வட்டப் பலகையில் பதிப்பாளர் தகெனோஉச்சியின் பெயர். சாதாரணமாக ஓவியர் பெயரும் பதிப்பாளர் முத்திரையும்தான் படத்தில் வரும். செதுக்கியவரும் அச்சிட்டவரும் பெயரில்லாமல் போவதே வழக்கம். வியாபாரத்தைப் பற்றிய படத்துக்குள் அந்தப் படமே ஒரு வியாபாரப் பொருள் என்பதையும், அதைச் செய்த கைகள் யாருடையவை என்பதையும் விளம்பரமாகவே எழுதி வைத்துவிட்டார்கள். ஜிரோபெய், ஹெய்பெய் என்ற இரண்டு தொழிலாளிகளின் பெயர் நமக்குத் தெரிவது இந்தப் பலகைகளால்தான். இந்த வரிசையில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இவற்றைத்தான்.

ஊருக்கு ஊர் என்ன விற்றார்கள்?

தங்கல் ஊர் ஒவ்வொன்றுக்கும் பெயர்போன பண்டம் ஒன்று இருந்தது. மரிகோவில் காட்டு வள்ளிக்கிழங்கைத் துருவி, அரைத்து, சோற்றின்மேல் ஊற்றித் தரும் கஞ்சி. படத்தில் கூரை வேய்ந்த சின்னக் கடை, பக்கத்தில் பூத்த உமே (ஜப்பானியப் பிளம்) மரம். உள்ளே இரண்டு பேர் சாப்பிடுகிறார்கள், முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்ட பெண் பரிமாறுகிறாள். கவிஞர் பாஷோ 1691-ல் எடோவுக்குக் கிளம்பிய சீடருக்கு எழுதிய ஹைக்கூவிலேயே மரிகோவின் கஞ்சி வருகிறது. 1596-ல் தொடங்கியதாகச் சொல்லும் சோஜியா என்ற கடை இன்றும் அதே ஊரில் அதே கஞ்சியைத் தருகிறது.

மினகுச்சியில் சுரைக்காய் வற்றல். ஒரு பெண் சுரைக்காயை நீள நாடாவாகச் சீவுகிறாள், இன்னொருத்தி கொடியில் தொங்கவிட்டுக் காயப்போடுகிறாள். தெரு வெறிச்சென்று இருக்கிறது. இந்த வற்றல்தான் இன்றும் சூஷிச் சுருளுக்குள் இனிப்பும் உப்புமாக வேகவைத்து வைக்கப்படுகிறது.

நருமி படத்தில் அரிமட்சுத் துணிக்கடைகள். மதுரைச் சுங்குடியைப் போல முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கும் வேலைப்பாடு. 1608-ல் குடியேற்றப்பட்ட இந்தக் கிராமத்தில் விளைநிலம் போதவில்லை. வழியே போகிறவர்களுக்குச் சாயத்துணி விற்றுப் பிழைக்கத் தொடங்கினார்கள். துண்டு மடித்தால் கையடக்கம், வீட்டுக்குக் கொண்டுபோக எளிது. படத்தில் கடை முழுக்கத் துணி தொங்குகிறது. தெருவில் போகிறவர்களும் பெண்கள். யார் வாங்குவார்கள் என்பது ஹிரோஷிகேவுக்குத் தெரிந்திருக்கிறது.

பெண்கள் தனியாகப் பயணம் போக முடிந்ததா?

முடிந்தது, கடினம். ஹகோனே, அராய் சோதனைச் சாவடிகளில் பெண்களைத்தான் அதிகம் சோதித்தார்கள். எடோவில் பிணையாக இருக்கும் பிரபுக்களின் மனைவியர் தப்பிப் போய்விடக் கூடாது என்பதும், எடோவுக்குள் துப்பாக்கி வந்துவிடக் கூடாது என்பதும் அங்கே முதல் விதிகள். பெண்ணின் அடையாளங்களை எழுதிய சீட்டு வேண்டும், அதில் ஒரு தப்பு இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். இருந்தும் இசே கோயில் யாத்திரை என்ற பெயரில் ஏராளமான பெண்கள் போனார்கள். 1830-ல் இசேவுக்கு லட்சக்கணக்கானோர் திரண்டு போனார்கள். இந்த வரிசை வெளிவந்தது அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின். பயண ஆசை அப்போது ஊரெங்கும் இருந்தது.

இந்தப் படங்களை எப்படி அச்சிட்டார்கள்?

பதிப்பாளர் முதலீடு போடுவார். இந்த வரிசைக்கு தகெனோஉச்சி மகோஹச்சி. அவருடைய கடைப் பெயர் ஹோஎய்தோ, அதனால்தான் இதை ஹோஎய்தோ பதிப்பு என்கிறார்கள். ஆரம்பத்தில் சுருயா கியெமோன் என்ற பெரிய பதிப்பாளரும் கூட்டு, பிறகு விலகிக்கொண்டார். அரசின் தணிக்கை முத்திரையும் வாங்க வேண்டும்.

ஓவியர் மெல்லிய தாளில் மையால் கோட்டுப்படம் வரைந்து தருவார். செதுக்குபவர் அதைக் காட்டுச் செர்ரி மரப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடு மட்டும் நிற்கும்படி மீதியைச் செதுக்கி எடுப்பார். மூலப்படம் அதோடு அழிந்துவிடும். கோட்டுக் கட்டையிலிருந்து எடுத்த பிரதிகளில் நிறங்களைக் குறிப்பிட்டு, நிறத்துக்கு ஒரு கட்டை செதுக்குவார்கள். எல்லாக் கட்டையிலும் ஒரே இடத்தில் மூலைக் குறி இருக்கும். தாளை அதில் பொருத்தினால்தான் நிறம் கோட்டை மீறாது.

அச்சு இயந்திரம் ஏதும் கிடையாது. கட்டையில் தூரிகையால் நிறமும் அரிசிப் பசையும் தடவி, ஈரப்படுத்திய மல்பெரி நார்த் தாளை வைத்து, மூங்கில் மடலால் மூடிய வட்டத் தேய்ப்பானால் பின்பக்கம் அழுத்தித் தேய்ப்பார்கள். நிஹோன்பாஷி வானத்தின் சிவப்பு அடிவானத்திலிருந்து மேலே போகப்போக மங்குகிறதே, அது கட்டையில் செதுக்கியது அல்ல. அச்சிடுபவர் ஒவ்வொரு தாளுக்கும் நிறத்தைக் கட்டையிலேயே துடைத்துத் துடைத்து வரவழைத்தது. எந்த இரண்டு தாளும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது.

இந்தப் படங்களின் ஆழ்ந்த நீல நிறம் எங்கிருந்து வந்தது?

ஐரோப்பாவிலிருந்து. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடித்த செயற்கை நிறமி அது. நாகசாகி வழியாக டச்சுக்காரரும் சீனரும் கொண்டுவந்தார்கள். 1820-களின் கடைசியில் விலை இறங்கியதும் அச்சுக்காரர்கள் கைக்கு எட்டியது. வெளுக்காது, ஆழத்திலிருந்து மெல்லிய சாயல்வரை இறங்கும். கடலும் வானமும் நிறைந்த வரிசைக்கு அது சரியான நேரத்தில் வந்து சேர்ந்தது.

நம் பக்கத்துக்கும் அந்தச் சாலைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, துணி வழியாக. சோழமண்டலக் கரையில் பழவேற்காடு போன்ற இடங்களில் இருந்த டச்சு வணிகர்கள் இங்கிருந்து பருத்தித் துணிகளை ஜப்பானுக்கு ஏற்றினார்கள். கோடு போட்ட பருத்தித் துணி ஒன்றை ஜப்பானியர் ‘சந்தோமே’ என்றே அழைத்தார்கள், நம் மயிலாப்பூரை அடுத்த சாந்தோமின் பெயரில். நாகசாகியின் டச்சுத் தலைவர் ஷோகனைக் காண எடோவுக்குப் போகும்போது கொண்டுபோன காணிக்கைகளில் துணி முக்கியம். அந்தப் பயணமும் தொகைடோ வழியேதான்.

விலை என்ன இருந்தது? யார் வாங்கினார்கள்?

ஒரு தாள் ஏறக்குறைய 38 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். விலை ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸுக்குப் பக்கத்தில்தான். தெருக்கடைகளில் தொங்கவிட்டு விற்றார்கள். போகமுடியாதவர் பார்த்து ஆசைப்பட்டார், போய்வந்தவர் பார்த்து நினைத்துக்கொண்டார். எடோவுக்கு வந்து திரும்புகிற வெளியூர்க்காரருக்கும் எடையில்லாத பரிசு. இன்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருப்பது அன்று மடித்து மூட்டையில் வைத்துக்கொண்டுபோன பொருள்.

ஹிரோஷிகே உண்மையிலேயே இந்தப் பாதையில் நடந்தாரா?

1832-ல் ஷோகன் பேரரசருக்குக் குதிரைகள் அனுப்பிய குழுவோடு போனார் என்று நீண்ட காலமாகச் சொல்லப்படுகிறது. ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை. 1797-ல் வெளிவந்த தொகைடோ படவழிகாட்டி நூலிலிருந்து பல காட்சிகளை எடுத்திருக்கிறார், இஷிபே படம் அதற்குத் தெளிவான சான்று. பெயர்பெற்ற கன்பாரா பனி இரவும் யோசிக்க வைக்கிறது, மிதமான கடலோரமான அங்கே அப்படிப் பனி கொட்டுவது அரிது. எனக்கு இது குறையாகப் படவில்லை. மூட்டைக் கயிறு தோளில் எப்படி அழுத்தும் என்பதைப் பார்க்க 490 கிலோமீட்டர் போக வேண்டியதில்லை, நிஹோன்பாஷியிலேயே தினமும் பார்க்கலாம்.

ஓவியர் வான் கோ நகலெடுத்த ஹிரோஷிகே படங்கள் இந்த வரிசையிலிருந்தா?

இல்லை. 1887-ல் அவர் நகலெடுத்த இரண்டு ஹிரோஷிகே படங்களும் கடைசிக் காலத்து எடோ காட்சி வரிசையைச் சேர்ந்தவை.

முதலில் அடித்த தாளா, பின்னால் அடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கோட்டைப் பாருங்கள். கட்டை தேயத் தேய மெல்லிய கோடுகள் தடித்து, ஆங்காங்கே உடையும். அடுத்து நிறச் சாயல். ஆரம்பத்தில் பொறுமையாகச் செய்த மங்கலை, தேவை கூடியபோது சுருக்கிவிட்டார்கள். சில படங்களுக்குத் தனி அடையாளமும் உண்டு: ஷோனோ மழைப் படத்தின் ஆரம்ப அச்சுகளில் குடைமேல் பதிப்பாளர் பெயரும் ‘53 ஊர்கள்’ என்பதும் எழுதியிருக்கும், பிந்தியவற்றில் அது இருக்காது. கட்டையைப் புதிதாகச் செதுக்கி 20-ஆம் நூற்றாண்டில் அடித்த நகல்களும் ஏராளம். அவை மோசடி அல்ல, அதே கைத்தொழிலில் செய்தவை, நகல் என்று சொல்லி விற்றால் வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

எங்கே பார்க்கலாம்?

டோக்கியோ தேசிய அருங்காட்சியகம், லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், ஹொனலூலு கலை அருங்காட்சியகம் எல்லாவற்றிலும் உண்டு. நிறம் மங்கும் என்பதால் நீண்ட நாள் காட்சிக்கு வைக்கமாட்டார்கள், போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே பார்க்க நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையதளம் வசதி. படங்களை இலவசமாகப் பெரிய அளவில் இறக்கிக்கொள்ளலாம். கைபேசியில் வேண்டாம், பெரிய திரையில் திறந்து, ஓரங்களிலிருந்து உள்ளே வாருங்கள்.

ஜப்பான் போகிறவர்களுக்கு ஷிசுஓகா நகரத்தின் யுய் பகுதியில் ஹிரோஷிகேவுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கிருந்து சட்டா கணவாய்க்கு நடந்து போனால் யுய் படத்தின் காட்சியை அதே கோணத்தில் காணலாம், இப்போது கீழே ரயில் பாதையும் விரைவுச் சாலையும் கடலுக்கும் மலைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு ஓடுகின்றன. அராயில் சோதனைச் சாவடியின் பழைய கட்டடம், ஷிமடாவில் ஆறு கடத்தும் ஆட்களின் குடியிருப்பு, கோயுவில் பைன் மரச் சாலை எல்லாம் மிஞ்சியிருக்கின்றன. ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் காலையில் யுய், மதியம் மரிகோவில் கிழங்குக் கஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.